கெடார்க் குளத்து நெல்

எனக்குச் செடிகொடிகள் மேல் தனிப் பிரியம் எதுவும் கிடையாது. சைக்கிள் மிதிக்கப் பிடிக்கும், அவ்வளவுதான். காலையில் விழுப்புரத்தை விட்டுக் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் பத்து மைல் தாண்டிவிட்டால் அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருக்கும். சைக்கிள் இல்லாவிட்டால் கெடார்ப் பக்கம் அந்தக் குளத்தை நான் பார்த்திருக்க மாட்டேன். நீங்களும் இப்போது காகிதத்தை வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். அதனால் அவசரம் வேண்டாம். வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் கோதண்டபாணி. சொந்த ஊர் பெருமுக்கல். விழுப்புரத்தில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் ஒரு கடையில் பதினோரு வருஷமாக வேலை. கடைக்காரர் பெயரை எழுத வேண்டாம். அவருக்கு ஒன்றும் தெரியாது. மருந்தைத் தண்ணீரில் எப்படிக் கலப்பது, காற்றுக்கு எந்தப் பக்கம் நின்று அடிப்பது என்று ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்குச் செய்து காட்டுவது என் வேலை. நான் சொன்னால் கேட்பார்கள். எந்த ஊரில் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

ஐம்பத்தேழாம் வருஷம் திண்டிவனத்தில் விருத்தாசலம் என்கிற ரிட்டயர்டு புரொபசரின் பழக்கம் ஏற்பட்டது. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். தனி ஆள். வீட்டுக்குப் பின்னால் முழுக்க மண்தொட்டிகளாக வைத்திருந்தார். அதில் பூச்செடி ஒன்றுகூட இல்லை. எல்லாம் நாம் பிடுங்கி எறிகிற களை. காட்டு எள், நரிப்பயறு, தண்டெல்லாம் முள்ளான காட்டுக் கத்தரி. இவையெல்லாம் நாம் சாப்பிடும் பயிர்களின் பங்காளிகள் என்றார்.

“நெல்லுக்குச் செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கோம், பாணி. தண்ணி காட்டணும், எரு போடணும், உன் மருந்த வேற அடிக்கணும். நாளைக்குப் புதுசா ஒரு நோவு வந்தா அது தாங்காது. அப்ப இந்தப் பங்காளிங்க வீட்டு வாசல்லதான் போயி நிக்கணும். அன்னிக்கு அவங்க உயிரோட இருக்கணுமே.”

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரலில் பயம் இருந்தது. அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. மற்றபடி நான் சாதாரண ஆள்.

ஊர் ஊராகச் சுற்றுகிறவன் என்பதால் அவருக்கு வேண்டியதைத் தேடிக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தேன். பெருமுக்கல் பக்கத்தில் ஒரு குட்டையில் காட்டு நெல் இருந்தது. எங்கள் பக்கம் குளநெல் என்பார்கள். பார்க்க நெல் மாதிரியே இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் விரல் நீளத்துக்கு வால் இருக்கும். முற்றிய கதிரைத் தொட்டால் போதும், மணி தண்ணீரில் உதிர்ந்துவிடும். ஒரு கைப்பிடி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைப் பிரசாதம் வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டார். அறுபத்தொன்றில் நான் திரும்பப் போனபோது அந்தக் குட்டையைத் தூர்த்து மல்லாட்டைக் கடலை போட்டிருந்தார்கள். அந்த வருஷமே அவர் தொட்டியில் இருந்ததை எலி தின்றுவிட்டது. வேறெங்கும் அது இருந்ததா, தெரியாது. புரொபசர் வெறும் தொட்டியைக் கையால் கிளறிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

அடுத்த வருஷம்தான் கெடார்க் குளத்தைப் பார்த்தேன். ஒரு கரையில் கூலி வேலை செய்யும் கிறிஸ்தவர்கள், பன்னிரண்டு குடிசை. இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் நின்று, குளநெல் கதிர்களின் மேல் கூடையை வீசிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வீச்சுக்கும் கொஞ்சம் மணி கூடைக்குள் விழும், கொஞ்சம் தண்ணீரில் விழும். இருதயமேரி என்று பெயர். என் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். கேட்டேன்.

“பாதிக்கு மேல கை வெக்க மாட்டோம், ஐயா,” என்றாள். “மிச்சம் தானா கொட்டிப் பூடும். அது கொளத்துக்கு.”

பூக்கும் காலத்தில் எருமை இறங்காமல் இருக்கக் கரையோரம் முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். அதை நான் பார்த்தேன். அது எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு மார்கழியும் போவேன். எனக்கென்று ஒரு முடிச்சு விதை அவளே எடுத்து வைத்திருப்பாள். கணவன் சவுரிராயன் அதிகம் பேசாதவன். மாமியார் சவுரியம்மாளுக்குக் கண் மங்கல். ஒரே பெண் லூர்துமேரி. நான் முதலில் பார்த்தபோது ஆறு வயது. ஒருமுறை, மெட்ராஸிலிருந்து தம்பி போட்ட கார்டைக் கொடுத்து என்னைப் படிக்கச் சொன்னாள் இருதயமேரி. பன்னிரண்டு குடிசையிலும் எழுத்துத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அறுபத்து நான்கில் திண்டிவனத்துப் பக்கம் குலைநோய் வந்தது. புரொபசர் வீட்டைச் சுற்றியிருந்த வயல்களில் கதிர் கழுத்தொடிந்து, வெறும் பதராகத் தொங்கியது. அவர் தொட்டிகளில் இருந்த நெல்லும் போய்விட்டது. எனக்கு ஒரு கார்டு போட்டார்: ‘கெடார்க் குளத்துச் செடி ஒன்றுதான் பச்சையாக நிற்கிறது. ஒரு படி விதையாவது வேண்டும். நாலு இடத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தக் குளத்தை மட்டும் விட்டுவிடாதே.’

அந்தக் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். அவர் கண்ட நூறு செடிகளில் ஒன்று. அது இருந்தது ஒரு குளத்தில். அந்தக் குளத்தைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன். இப்படி ஒரு பொறுப்பு உங்களுக்கு வந்திருந்தால் நீங்களும் பயந்திருப்பீர்கள்.

அறுபத்தைந்தில் மழை சரியாகப் பெய்யவில்லை என்பது உங்களுக்கே தெரியும். அரிசிக்கு விழுப்புரத்தில் விடிகாலையிலிருந்து கியூ. குளத்தில் கால்வாசிதான் தண்ணீர். குளநெல் நாலு பாய் விரித்த அளவுக்கு ஒரு பட்டையாக மட்டும் நின்றது. மார்கழி பிறப்பதற்கு முன்பே போய் இருதயமேரியிடம் சொன்னேன்.

“இந்த வருஷம் யாரும் எடுக்கக் கூடாதும்மா.”

“இந்த வருசந்தான ஐயா எடுக்கணும்,” என்றாள். “மத்த வருசமெல்லாம் வாய் ருசிக்கு. இப்ப வவுத்துக்கு. கேப்பைகூட இல்லியே.”

“இருக்கிறதே இவ்வளவுதான். அப்பறம் விதைக்கு எங்க போறது?”

“பாதிதான் எடுப்போம். நீங்க எதுக்கு இப்டி பயந்துக்கினு கீறீங்க?”

நான் அவளை நம்பவில்லை. பசியில் இருக்கிறவள் பாதியில் கையை நிறுத்துவாள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் போய்க் காவல் போட முடியுமா என்று கேட்டேன். களைக்குப் போய்க் காவல் கேட்கிறானே என்று சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்கு வேறு வழி இல்லை என்று ஆகிவிட்டது.

டிசம்பர் இருபதாம் தேதி, முற்பகல். குடிசைக்காரர்கள் எல்லாம் கூலிக்குப் போயிருந்த நேரம். முதலில் புரொபசருக்கு வேண்டிய ஒரு படியை எடுத்து முடிந்துகொண்டேன். பிறகு மருந்தைக் கலந்தேன். எண்ட்ரின் என்று பெயர். நெல்லில் குருத்துப்பூச்சிக்கு அடிப்பது. கதிர் முற்றிய பிறகு அதை அடிக்கவே கூடாது என்று எத்தனையோ ஊரில் நானே சொல்லியிருக்கிறேன். வழக்கமான அளவைப்போல நாலு பங்கு கலந்தேன். தண்ணீரில் இறங்கி, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு கதிர் விடாமல் அடித்தேன். கரையில் இருந்த பனைமரத்தில் ஒரு தகரப் பலகையை அடித்தேன். ‘விஷம். எடுக்காதே’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன். எழுத்து பெரிதாக, நன்றாகவே இருந்தது.

என் எண்ணம் இதுதான்: யாராவது பலகையைப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். அல்லது ஒரு மாடு குடித்துச் செத்தால் போதும், அப்புறம் ஆட்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். ஒரு மாட்டோடு முடிந்துவிடும்.

திரும்பி வரும்போது ரோட்டில் இருதயமேரி எதிரே வந்தாள். தலையில் விறகு. என் சைக்கிளுக்குப் பின்னால் தெளிப்பான் இருந்தது.

“எங்க ஐயா மருந்து அடிச்சிட்டு வர்றீங்க?”

“நெல்லுக்கு,” என்றேன்.

“அடிங்க, அடிங்க. இந்த வருசம் பூச்சி ஜாஸ்தி,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் பொய் சொல்லவில்லை. நிறுத்தி விவரமாகச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் அழுவாள். அழுதால் என் மனசு இளகிவிடும் என்று தோன்றியது.

மறுநாள் பார்க்கப் போனேன். குளத்தில் ஐந்து நீர்க்கோழிகள் மல்லாந்து மிதந்தன. ஒன்றுக்கு இன்னும் கால் உதறிக்கொண்டிருந்தது. கரையில் குழி தோண்டி ஐந்தையும் புதைத்து, மேலே சருகைத் தள்ளினேன். அப்படியே விட்டிருந்தால் குடிசைக்காரர்கள் பார்த்திருப்பார்கள், நெல் பக்கம் போயிருக்க மாட்டார்கள். ஒரு மாடு சாக வேண்டும் என்று காத்திருந்தவன் ஐந்து பறவைகளை ஏன் மறைத்தேன் என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறேன். பயத்தில் செய்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

முப்பதாம் தேதி, கடைக்கு வந்த கெடார்க்காரர் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

“கொளத்தங்கரையில ஒரே வூட்ல மூணு பேரு பூட்டாங்க சார். நேத்து ஒரே நாள்ல. வாந்திபேதின்றாங்க. ஊரே பேஜாராயிக்கினு கீது.”

அவருக்கு வேண்டியதைக் கட்டிக் கொடுத்தேன். முடிச்சு சரியாகத்தான் போட்டேன். பிறகு கடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவன் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. தெருவில் யார் சைக்கிள் மணி அடித்தாலும் எனக்காகத்தான் வருகிறார்கள் என்று தோன்றியது.

சவுரிராயன், சவுரியம்மாள், லூர்துமேரி. அதுவரை குளநெல் எடுத்தது அவர்கள் வீடு மட்டும்தான். மூவரும் அந்தக் கஞ்சியைக் குடித்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் வாந்தி, அப்புறம் வலிப்பு. பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. இருதயமேரி அன்று விழுப்புரத்தில் ரேஷன் கியூவில் நின்றிருந்தாள். அரிசி கிடைக்காமல் திரும்பி வந்தபோது கரையில் கூட்டம். சுகாதாரத்துக்காரர் வந்தபோது புதைத்துவிட்டிருந்தார்கள். வலிப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. வாந்திபேதி என்று எழுதிக்கொண்டு, கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போனார்.

நான் துக்கம் விசாரிக்கப் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வரும். திரும்பும்போது பனைமரத்திலிருந்து பலகையைக் கழற்றினேன். அப்போதுதான் நெல்லைப் பார்த்தேன். பட்டையின் ஒரு பக்கம் கூடை வீசிய தடம். மறுபக்கம் கை படவே இல்லை. நடுவில் கோடு கிழித்த மாதிரி சரியாகப் பாதி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

ஜனவரி நாலாம் தேதி இருதயமேரி கடைக்கு வந்தாள். கெடாரிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். முந்தானையிலிருந்து ஒரு முடிச்சை எடுத்து எதிரில் வைத்தாள். அந்த நெல்.

“வாந்திபேதின்னு சொல்லிட்டுப் பூட்டாங்க. எனக்கு மனசு ஒப்பல. இத பரீட்ச பண்ணிப் பாருங்க ஐயா. உங்களுக்குத்தான் இந்த நெல்லப் பத்தித் தெரியும். வேற யாருகிட்ட நான் போவேன்?”

திண்டிவனத்தில் பெரிய புரொபசரிடம் கொடுத்துப் பார்க்கிறேன், ஒரு வாரம் கழித்து வா என்று அனுப்பினேன். அவள் தெருமுனை திரும்பியதும் முடிச்சை அடுப்பில் போட்டேன். கொடுத்தது ஒரு பிடிதான், மிச்சம் வீட்டில் இருக்கிறது என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ஒரு வாரத்தில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் வேறு யாரிடமாவது அந்த நெல்லைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதே நினைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்? இங்கே, உங்களிடம் கொண்டுவந்தால்? எண்ட்ரினுக்கு ஒரு நாற்றம் உண்டு. என் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

பதினோராம் தேதி அவள் திரும்ப வந்தாள். பன்னிரண்டாம் தேதி இறந்துபோனாள். நோயில் அவளும் போய்விட்டாள் என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

விதையைத் திண்டிவனத்தில் கொடுத்தேன். நன்றாக முளைத்தது. நாலு இடத்துக்கும் போயிருக்கிறது. இன்னும் பத்து வருஷத்தில் யாரோ ஒருவர் குலைநோய் வராத நெல்லை நடுவார். அந்தச் சோற்றை உங்கள் பிள்ளைகளும் சாப்பிடலாம். இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

புரொபசர் மட்டும் பிப்ரவரியில் ஒன்று கேட்டார்.

“அந்தம்மாவ ஒரு தரம் கூட்டிக்கினு வா, பாணி. எப்ப எடுக்கிறாங்க, எவ்வளவு விடறாங்க, எருமையை எப்பிடித் தடுக்கிறாங்க, எல்லாம் கேட்டு எழுதிக்கணும். இத்தன வருஷம் அந்தக் குளத்தக் காப்பாத்தினது அவங்கதான?”

வேலை தேடி வெளியூர் போய்விட்டதாகச் சொன்னேன். பிறகு மற்ற குடிசைக்காரர்களும் பயந்துகொண்டு அந்தக் கரையைக் காலி செய்துவிட்டார்கள். முள் வெட்டிப் போட ஆள் இல்லை. அடுத்த வருஷம் எருமைகள் இறங்கின. அதற்கடுத்த வருஷம், போன மாசம் வரைக்கும் பார்த்துவிட்டேன், குளத்தில் ஒரு குளநெல்கூட இல்லை. அது என் தப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த இரண்டு வருஷத்தில் என்னைத் தேடி யாரும் வரவில்லை. முதலில் அது ஆறுதலாக இருந்தது. இப்போது சோற்றைப் பார்த்தால் பயம். தட்டில் வைத்ததும் முகர்ந்து பார்ப்பேன். என் மனைவி அம்சா முதலில் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். அரைமணி நேரம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் ஆகவில்லை என்றால் நான் சாப்பிடுவேன். வேறு ஏதோ வியாதி என்று நினைத்துக்கொண்டு அவளும் செய்கிறாள். நேற்று எங்கள் மகள் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ‘நான் தின்னு காட்டட்டுமாப்பா?’ என்று தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அவளுக்கு ஒன்பது வயது. நான் தடுக்கவில்லை. அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இன்று காலை இங்கே வந்துவிட்டேன்.

பதினோராம் தேதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மத்தியானம் இருதயமேரி வந்தாள். கடையில் நான் மட்டும் இருந்தேன். முகம் வற்றிப்போய்க் கண் மட்டும் பெரிதாக இருந்தது. நிற்க முடியாமல் உர மூட்டையில் சாய்ந்துகொண்டாள்.

“நெல்லுல இன்னா இருந்திச்சி, ஐயா?”

“ஒண்ணும் இல்லம்மா. புரொபசரே பார்த்துட்டார். சுத்தமான நெல்லு.”

அவள் அழுதாள். துக்கத்தில் அழுகிற மாதிரி இல்லை. முதுகில் இருந்ததை இறக்கி வைத்துவிட்ட மாதிரி அழுதாள்.

“நாந்தான் அத்தக் குத்திக் கஞ்சி காய்ச்சி வெச்சிட்டு கியூவுக்குப் போனேன். எங்கையாலதான் பூட்டாங்களோன்னு நெனச்சிக்கினே கெடந்தேன், ஐயா. நீங்க நல்லா இருக்கணும்.”

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

கிளம்பினவள் வாசலில் நின்றாள்.

“வூட்ல இன்னும் ரெண்டு படி கீது. பயந்துக்கினு தொடவே இல்ல. மூணு நாளா வெறும் தண்ணிதான் குடிக்கிறேன். ஆக்கலாமா, ஐயா?”

தூரக் கொட்டிவிடு என்று சொல்லியிருந்தால், ஏன் என்று கேட்டிருப்பாள். அந்த நெல் தீர்ந்துபோனால் தேவலை என்று எனக்கு இருந்தது. அதைத் தின்னப் போகிறவள் யார் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

“ஆக்கலாம்,” என்றேன்.